ஃப்ரீபிஎஸ்டி ரவுட்டரில் கோளாறு டிரைவரிலா, பிஎஃப் விதிகளிலா?

கேள்வியின் சாரம் இது. யுனிக்ஸ் வகை இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி நிறுவிய ஒரு கணினி ரவுட்டராக வேலை செய்கிறது. வெளிப்பக்கத்தில் ரியல்டெக் கார்டு, அதன் பெயர் ஆர்ஈ0. உட்பக்கத்தில் இன்டெல் கார்டு, அதன் பெயர் ஈஎம்0. எம்பிடி நிரல் வழியாகப் பிபிபிஓஈ முறையில், அதாவது ஈத்தர்நெட் கேபிளின் மேல் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும் முறையில், இணைய இணைப்பு கிடைக்கிறது. இடையிடையே இணையம் சில நொடிகள் நின்று மீள்கிறது. உள்ளிருக்கும் கணினிகளில் சில தளங்கள் மட்டும் திறப்பதே இல்லை. ஃபயர்வாலான பிஎஃப்பின் விதிகளைத் திருத்தி அதை மறுபடி தொடங்கினால், தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் இணைப்பு அப்படியே உறைந்துவிடுகிறது. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை மாற்றுவதா, விதிகளை மாற்றுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் சொல்லும் மூன்று அறிகுறிகளுக்கும் ஒரே காரணம் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. முதலாவது பெரும்பாலும் கார்டு, கேபிள், டிரைவர் ஆகியவற்றின் பக்கத்தைச் சேர்ந்தது. இரண்டாவது, தரவு துண்டு துண்டாகப் பயணிக்கும் பாக்கெட்டுகளின் அளவைப் பற்றியது. மூன்றாவது மட்டுமே பிஎஃப் சார்ந்தது, அதுவும் விதிகளில் உள்ள பிழையால் அல்ல, அவற்றை ஏற்றும் முறையால் வருவது. மூன்றையும் ஒன்றாகக் கருதி ஒரே நேரத்தில் டிரைவரையும் விதிகளையும் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்பது தெரியாது. ஆகவே கீழிருந்து மேலாக, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம்.

முதலில் கார்டை, இயங்குதளத்தின் மையமான கர்னல் எப்படி அடையாளம் கண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிசிஐகான்ஃப் கட்டளையை -எல்வி என்ற தெரிவுடன் இயக்கினால் கணினியிலுள்ள ஒவ்வொரு பிசிஐ சாதனமும் அதன் தயாரிப்பாளர் எண்ணோடு பட்டியலில் வரும். ரியல்டெக்கின் எண் 10இசி, இன்டெலின் எண் 8086. ஒரு சாதனத்தின் வரி நன் என்ற சொல்லோடு தொடங்கினால் அதற்கு எந்த டிரைவரும் கிடைக்கவில்லை என்று பொருள். அந்த நிலையில், கணினியின் தொடக்க அமைப்புகள் இருக்கும் ஆர்சி.கான்ஃப் கோப்பில் என்ன எழுதினாலும் பயனில்லை. உங்கள் கார்டு ஆர்ஈ0 என்று பெயர் பெற்றிருப்பதால் அந்தத் தடையை அது தாண்டிவிட்டது. பிஎஸ்டி குடும்பத்தில் இன்டர்ஃபேஸின் (நெட்வொர்க் முனையின்) பெயர் டிரைவரின் பெயரிலிருந்தே வருகிறது: ஆர்ஈ என்றால் ரியல்டெக், ஈஎம், ஐஜிபி என்றால் இன்டெல், பிஜிஈ என்றால் பிராட்காம், விடிநெட் என்றால் மெய்நிகர் கணினிகளில் வரும் விர்ட்ஐஓ. இதனால் ஒரு வசதி உண்டு: கையேட்டின் நான்காம் பிரிவில் அதே பெயரில் பக்கத்தைத் திறந்தால் அந்த டிரைவர் ஆதரிக்கும் சில்லுகளும் அதற்கான அமைப்புகளும் கிடைக்கும். ஒரு தொல்லையும் உண்டு: கார்டை மாற்றினால் பெயரும் மாறும், அப்போது ஆர்சி.கான்ஃபிலும், பிஎஃப் விதிகள் இருக்கும் பிஎஃப்.கான்ஃபிலும் பழைய பெயர் அப்படியே நின்றுவிடும். பிஎஃப் அதற்காகப் புகார் சொல்லாது. இல்லாத இன்டர்ஃபேஸுக்கான விதியையும் அமைதியாக ஏற்றுக்கொள்ளும்.

ரியல்டெக் 8168 சில்லைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரே பிசிஐ அடையாள எண்ணின் கீழ் ரியல்டெக் பல ஆண்டுகளாகப் பல திருத்தப் பதிப்புகளை வெளியிட்டிருக்கிறது. "என்னிடமும் 8168 தான் இருக்கிறது, சிக்கலே இல்லை" என்று ஒருவர் சொல்வதும், அதே எண்ணுள்ள உங்கள் கார்டு தடுமாறுவதும் முரண்பாடல்ல. இரண்டும் வேறு வேறு வன்பொருளாக இருக்கக்கூடும். 2.5 கிகாபிட் வேகமுள்ள 8125 சில்லு வேறு கதை. கர்னலோடு வரும் ஆர்ஈ டிரைவர் நெடுங்காலம் அதை ஆதரிக்கவில்லை.

இனி, நின்று மீளும் சிக்கலுக்கு வருவோம். அது நிகழும் நேரத்தில் கர்னல் என்ன சொல்கிறது என்பதே முதல் சான்று. கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸேஜ் கட்டளையின் வெளியீட்டிலும் வார்/லாக் கோப்புறையிலுள்ள மெஸேஜஸ் கோப்பிலும் ஆர்ஈ0 பற்றிய வரிகளைத் தேடுங்கள். அங்கே இரண்டு வகைச் செய்திகளில் ஒன்று இருக்கலாம். "லிங்க் ஸ்டேட் சேஞ்ச்டு டு டவுன்" என்றும் சற்றுப் பின் "அப்" என்றும் வந்தால் மின்னிணைப்பே அறுபட்டு மீள்கிறது. கேபிள், கேபிளின் முனை, எதிர்ப்பக்கத்துக் கருவி ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். "வாட்ச்டாக் டைம்அவுட்" என்று வந்தால் நிலைமை வேறு: அனுப்பச் சொல்லிக் கொடுத்த பாக்கெட் போய்விட்டது என்ற பதில் கார்டிடமிருந்து உரிய காலத்தில் வராததால் டிரைவர் அந்தக் கார்டை மீட்டமைத்திருக்கிறது. மீட்டமைத்த பின் இணைப்பு மீண்டும் பேசி முடிவாக வேண்டும் என்பதால் அதன் தொடர்ச்சியாகவும் டவுன், அப் வரிகள் வரும். ஆகவே வரிகளின் வரிசையைக் கவனியுங்கள். எது முதலில் வந்தது என்பதில்தான் விடை இருக்கிறது.

கேபிள் பக்கம் என்று தெரிந்தால் கார்டின் நிலையைக் காட்டும் இஃப்கான்ஃபிக் கட்டளையின் வெளியீட்டில் மீடியா என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். இரு பக்கமும் கிகாபிட் கருவிகளாக இருக்க, அங்கே 100 மெகாபிட்டைக் குறிக்கும் 100பேஸ்டிஎக்ஸ் என்று காட்டினால் கேபிளில் ஒரு ஜோடிக் கம்பி பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிகள் போதும். கிகாபிட் முறையான 1000பேஸ்-டி நான்கு ஜோடிகளையும் கேட்கும். ஒரு ஜோடி அறுந்தால் சில கார்டுகள் 100க்கு இறங்கி வேலை செய்யும், சில கார்டுகளில் இணைப்பு வருவதும் போவதுமாக இருக்கும். வேகத்தைக் கையால் நிர்ணயித்து இதைத் தீர்க்கலாம் என்று பலர் பரிந்துரைப்பார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு பக்கம் முழு டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் செய்வது) என்று கட்டாயப்படுத்தி, மறுபக்கம் தானியங்கியாக இருந்தால், தானியங்கிப் பக்கத்துக்கு எதிராளியின் டூப்ளெக்ஸ் தெரிய வழியில்லை. அது அரை டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். பிங் நன்றாக ஓடும், ஆனால் பெரிய கோப்பை இறக்கினால் வேகம் தரைமட்டமாகிவிடும். தவிர, 1000பேஸ்-டி முறைக்குத் தானியங்கிப் பேச்சு கட்டாயமான பகுதி. நெட்ஸ்டாட் கட்டளையை -ஐ தெரிவுடன் இயக்கி ஐஎர்ஸ் (உள்வரும் பிழைகள்), ஓஎர்ஸ் (வெளிப்போகும் பிழைகள்), கோல் (மோதல்கள்) ஆகிய மூன்று எண்ணிக்கைகளைச் சற்று இடைவெளி விட்டு இருமுறை பாருங்கள். அவை கூடிக்கொண்டே போனால் பிஎஃப் பக்கம் திரும்ப இன்னும் நேரம் வரவில்லை.

வாட்ச்டாக் வரிகள்தான் முதலில் வருகின்றன என்றால் செய்யத்தக்கவை மூன்று. கார்டே செய்துகொள்ளும் வேலைகளை நிறுத்திப் பார்ப்பது முதலாவது: இஃப்கான்ஃபிக் மூலம் டிஎக்ஸ்சிசம், ஆர்எக்ஸ்சிசம், டிஎஸ்ஓ ஆகியவற்றின் முன் கழித்தல் குறியிட்டு இயக்கினால் செக்சம் என்ற பிழை சரிபார்ப்புக் கணக்கும் பாக்கெட் துண்டாக்கலும் கர்னலின் பொறுப்புக்கு வந்துவிடும். இது மறுதொடக்கம் இல்லாமலே செய்து பார்க்கக்கூடியது, பிடிக்காவிட்டால் உடனே திரும்பப் பெறக்கூடியது. கார்டு கர்னலை அழைக்கும் முறையை மாற்றுவது இரண்டாவது, கர்னலை ஏற்றும்போது படிக்கப்படும் லோடர்.கான்ஃப் கோப்பில் எச்டபிள்யூ.ஆர்ஈ என்று தொடங்கும் அமைப்புகளில் எம்எஸ்ஐ, எம்எஸ்ஐ-எக்ஸ் என்ற அழைப்பு முறைகள் இரண்டையும் தனித்தனியே முடக்கலாம். முடக்கிய பின் விஎம்ஸ்டாட் -ஐ வெளியீட்டில் அந்தக் கார்டின் இன்டரப்ட் (கர்னலை அழைக்கும்) எண்ணிக்கை உயர்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டும் உதவாதபோதுதான் மூன்றாவது: ரியல்டெக் நிறுவனமே எழுதிய டிரைவரை, ரியல்டெக்-ஆர்ஈ-கேமாட் என்ற பெயரில் கூடுதல் மென்பொருள்கள் கிடைக்கும் போர்ட்ஸ் தொகுப்பிலிருந்து நிறுவுவது.

அந்த மூன்றாவது வழியில் ஒரு பொறி இருக்கிறது. வழக்கமான கர்னலுக்குள் ஆர்ஈ டிரைவர் ஏற்கெனவே கட்டப்பட்டிருப்பதால், புதிய மாட்யூலை (கர்னலோடு தனியாக ஏற்றும் பகுதியை) ஏற்றச் சொல்லும் வரி மட்டும் லோடர்.கான்ஃபில் போதாது, பூட்/மாட்யூல்ஸ் கோப்புறையில் அது இருக்கும் முழுப் பாதையையும் இன்னொரு வரியாகத் தர வேண்டும். பாதையில் எழுத்துப் பிழை இருந்தாலோ, மாட்யூல் வேறொரு கர்னல் பதிப்புக்குக் கட்டப்பட்டிருந்தாலோ, பழைய டிரைவரே சத்தமின்றி கார்டைப் பிடித்துக்கொள்ளும். இன்டர்ஃபேஸின் பெயரும் அதே ஆர்ஈ0 தான். "டிரைவரை மாற்றியும் சிக்கல் தீரவில்லை" என்று வரும் புகார்களில் சிலவற்றில் டிரைவர் மாறியே இருக்காது. ஏற்றப்பட்ட மாட்யூல்களைக் காட்டும் கேஎல்டிஸ்டாட் பட்டியலில் மாட்யூல் இருக்கிறதா, டிமெஸேஜில் புதிய டிரைவரின் பதிப்பு வரி வந்திருக்கிறதா என்று இரண்டையும் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள். இயங்குதளத்தை மேம்படுத்தும் ஒவ்வொரு முறையும் இந்தச் சரிபார்ப்பு மறுபடி தேவைப்படும்.

இனி ஃபயர்வால். இங்கே பெரும்பாலோர் செய்யும் முதல் சோதனை, அதன் கட்டுப்பாட்டுக் கட்டளையான பிஎஃப்சிடிஎல் -டி கொடுத்து பிஎஃப்பை நிறுத்திப் பார்ப்பது. தனிக் கணினியில் அது நல்ல சோதனை. ரவுட்டரில் அது தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும், ஏனெனில் உள்முகவரிகளை வெளிமுகவரியாக மாற்றும் நாட் வேலையையும் பிஎஃப்தான் செய்கிறது; அதை நிறுத்தினால் உள்ளிருக்கும் கணினிகளுக்கு இணையம் அறுந்துபோவது இயல்பு. ஆகவே பிஎஃப்பை நிறுத்திச் சோதிப்பதாக இருந்தால் ரவுட்டரிலிருந்தே சோதியுங்கள். உட்கணினிகளிலிருந்து சோதிக்க வேண்டுமானால் நாட் விதி ஒன்றும் எல்லாவற்றையும் அனுமதிக்கும் பாஸ் விதி ஒன்றும் மட்டும் உள்ள சிறு கோப்பைத் தனியாக எழுதி, அதை ஏற்றிப் பாருங்கள். அதிலும் தளங்கள் திறக்கவில்லை என்றால் உங்கள் வடிகட்டும் விதிகள் குற்றமற்றவை.

உங்களுக்கு அப்படித்தான் ஆகும் என்று எதிர்பார்க்கிறேன். சில தளங்கள் திறப்பதும் சில திறக்காததும், பிபிபிஓஈ இணைப்பும் சேர்ந்து வந்தால் அது பெரும்பாலும் அளவுச் சிக்கல். ஈத்தர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவான எம்டியு 1500 பைட். பிபிபிஓஈ தன் தலைப்புக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் எஞ்சுவது 1492. உட்கணினிக்கு இது தெரியாது. தன் பக்கத்து 1500இல் தலைப்புகளுக்கான 40 பைட்டைக் கழித்து, எனக்கு 1460 பைட் வரை அனுப்பு என்று தொலைவிலுள்ள சர்வரிடம் சொல்லிவிடுகிறது. அந்த அளவில் வரும் பாக்கெட் வழியில் நுழைய முடியாமல் நிற்கும். சிறிதாக்கி அனுப்பு என்ற செய்தி, நெட்வொர்க் பிழைகளை அறிவிக்கும் ஐசிஎம்பி முறையில் சர்வருக்குப் போக வேண்டும். 1990இல் வெளியான இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 1191 வகுத்த ஏற்பாடு அது. சர்வரின் பக்கத்தில் யாரோ ஒருவர் பாதுகாப்பு என்று எண்ணி ஐசிஎம்பி முழுவதையும் தடுத்திருந்தால் அந்தச் செய்தி சேராது. இணைப்பு உண்டாகும், சிறிய பதில்கள் வரும், பக்கம் மட்டும் வராமல் சுழன்றுகொண்டே இருக்கும். அப்படித் தடுக்காத சர்வர்களின் தளங்கள் வழக்கம்போல் திறக்கும்.

இதை உறுதிப்படுத்த ரவுட்டரிலிருந்து பிங் கட்டளையை, பாக்கெட்டைத் துண்டாக்காமல் அனுப்பச் சொல்லும் -டி (ஆங்கிலப் பெரிய எழுத்து D) தெரிவுடன், 1464 பைட் அளவில் அனுப்புங்கள்; அதோடு 8 பைட் ஐசிஎம்பி தலைப்பும் 20 பைட் ஐபி தலைப்பும் சேர்ந்தால் சரியாக 1492. அது போய், 1472 போகாவிட்டால் கணக்குப் பொருந்திவிட்டது. தீர்வு, வழியில் போகும் டிசிபி தொடக்கப் பாக்கெட்டுகளில் உள்ள அளவைக் குறைத்து எழுதுவது. ஃப்ரீபிஎஸ்டியின் பழைய பிபிபி நிரல் இதை இயல்பாகவே செய்கிறது. எம்பிடியில் டிசிபிஎம்எஸ்எஸ்ஃபிக்ஸ் என்ற அமைப்பை நீங்கள்தான் இயக்க வேண்டும். அல்லது பிஎஃப்பிலேயே பாக்கெட்டுகளைச் சீராக்கும் ஸ்கிரப் விதியில் மேக்ஸ்-எம்எஸ்எஸ் 1452 என்று தரலாம். ஆனால் அந்த விதியில் இன் (உள்வருவது) என்ற திசையை மட்டும் எழுதிவிடாதீர்கள்; போகும் தொடக்கப் பாக்கெட்டிலும் வரும் பதிலிலும் அளவு திருத்தப்பட வேண்டும்.

இங்கேயே இன்னொன்றையும் சரிபாருங்கள். பிபிபிஓஈ வந்தபின் உங்கள் வெளிப்பக்கம் ஆர்ஈ0 அல்ல. எம்பிடி உருவாக்கும் என்ஜி0 தான். ஐபி பாக்கெட்டுகள் அதன் வழியாகவே போகின்றன, ஆர்ஈ0 அவற்றைப் பொதிந்து சுமக்க மட்டும் செய்கிறது. பிஎஃப்.கான்ஃபில் வெளி இன்டர்ஃபேஸ் ஆர்ஈ0 என்று இருந்தால் நாட் நடக்காது, தடுப்பு விதிகளும் யாரையும் தடுக்காது. நாட் விதியில் என்ஜி0 பெயரை அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள். அப்படி எழுதினால்தான் முகவரி மாறும்போதெல்லாம் பிஎஃப் புதியதை எடுத்துக்கொள்ளும். அடைப்புக்குறி இல்லாவிட்டால் விதி ஏறும் கணத்தில் உள்ள முகவரியே நிலைத்துவிடும், கணினி தொடங்கும்போது முகவரியே இன்னும் வரவில்லை என்றால் கோப்பு முழுவதுமே ஏறாமல் போகும். விதிகளில் ஐபி எண்ணுக்குப் பதில் தளப்பெயரை எழுதுவதும் இதே ஆபத்துக்கு உரியது, ஏனெனில் அது ஏற்றும்போது ஒருமுறை மட்டுமே தேடப்படுகிறது, அந்த நேரத்தில் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் கிடைக்காமலும் இருக்கலாம்.

எஸ்எஸ்எச் உறைவதற்கான காரணம் பிஎஃப்பின் ஸ்டேட் அட்டவணை. ஒரு டிசிபி இணைப்பு தொடங்கும்போது பாஸ் விதி அதற்கு ஒரு பதிவை உண்டாக்குகிறது. பிறகு வரும் பாக்கெட்டுகள் விதிகளைத் தொடுவதே இல்லை, அந்தப் பதிவைப் பார்த்தே கடந்துவிடுகின்றன. பதிவை உண்டாக்கும் தகுதி இயல்பாகத் தொடக்கப் பாக்கெட்டுக்கு மட்டுமே உண்டு. சர்வீஸ் கட்டளையில் பிஎஃப் ரீஸ்டார்ட் என்று கொடுத்தால் விதிகளோடு இந்தப் பதிவுகளும் அழிக்கப்படுகின்றன. உங்கள் எஸ்எஸ்எச் இணைப்பின் நடுவில் வரும் அடுத்த பாக்கெட்டுக்குப் பதிவும் இல்லை, அது தொடக்கப் பாக்கெட்டும் இல்லை. தடுப்பு விதியில் போய் விழுகிறது. ரீலோட் கொடுத்தால் பதிவுகள் தப்பிப் பிழைக்கும், இணைப்பும் நிலைக்கும். முதன்முறையாக பிஎஃப்பை இயக்கும்போது மட்டும் உறைவதைத் தவிர்க்க முடியாது. புதிதாக ஒருமுறை உள்நுழைந்துகொள்ள வேண்டியதுதான்.

இதே தன்மைக்கு மறுபக்கமும் உண்டு. ஒருவரைத் தடுக்கும் விதியை எழுதி ரீலோட் செய்தாலும், அவருடைய நடப்பு இணைப்பு ஓடிக்கொண்டே இருக்கும், பதிவு இன்னும் உயிரோடு இருப்பதால். விதி வேலை செய்யவில்லை என்று எண்ணி மேலும் பத்து விதிகள் எழுதுவோரைக் கண்டிருக்கிறேன். பிஎஃப்சிடிஎல் -கே தெரிவோடு அந்த முகவரியைக் கொடுத்தால் அவருடைய பதிவுகள் மட்டும் நீங்கும். பிஎஃப்சிடிஎல் -எஸ் இன்ஃபோ வெளியீட்டில் மெமரி என்ற எண்ணிக்கையையும் ஒரு கண் பாருங்கள். அது கூடினால் அட்டவணை நிரம்பிவிட்டது. அப்போது ஏற்கெனவே உள்ள இணைப்புகள் நன்றாக ஓட, புதிய இணைப்புகள் மட்டும் உண்டாகாது. வாட்ச்டாக் கோளாறில் எல்லாமே ஒன்றாக நிற்கும்.

விதிகளைப் படிக்கும்போது நினைவில் கொள்ள வேண்டியது, பிஎஃப்பில் பொருந்தும் விதிகளுள் கடைசியானதே வெல்லும், குயிக் என்ற சொல் இருந்தால் மட்டும் அங்கேயே முடிவாகும். ஃப்ரீபிஎஸ்டியின் சொந்த ஃபயர்வாலான ஐபிஎஃப்டபிள்யூவில் முதலில் பொருந்தும் விதியே வெல்லும். இரண்டின் எடுத்துக்காட்டுகளையும் கலந்து படிப்பவர்கள் தடுமாறுவது இதில்தான். இன்னொரு குழப்பம் வரலாற்றால் வந்தது: ஐபிஃபில்டர் என்ற முந்தைய ஃபயர்வாலின் உரிமத்தில் எழுந்த தகராறுக்குப் பின் டேனியல் ஹார்ட்மையர் எழுதிய பிஎஃப், 2001இல், ஃப்ரீபிஎஸ்டியின் உறவு இயங்குதளமான ஓபன்பிஎஸ்டியின் 3.0 பதிப்பில் வந்தது. 2004இல் ஃப்ரீபிஎஸ்டி 5.3 அதைச் சேர்த்துக்கொண்டது. 2010இல் ஓபன்பிஎஸ்டி 4.7 நாட் விதியின் எழுத்துமுறையையே மாற்றிவிட்டது, ஃப்ரீபிஎஸ்டி நெடுங்காலம் பழைய முறையோடு தொடர்ந்தது. எனவே ஓபன்பிஎஸ்டி ஆவணங்களிலிருந்து எடுத்து ஒட்டிய நாட்-டு வரி, உங்கள் ஃப்ரீபிஎஸ்டி பழைய பதிப்பாக இருந்து, தொடரியல் பிழை காட்டினால் வியப்பில்லை. எந்த மாற்றத்தையும் ஏற்றும் முன் பிஎஃப்சிடிஎல் -என்எஃப் கொண்டு கோப்பைச் சோதித்தால் பிழையுள்ள வரியின் எண்ணைச் சொல்லிவிடும்.

எந்த விதி தடுக்கிறது என்று ஊகிக்கத் தேவையில்லை. பிளாக் விதிகளில் லாக் என்ற சொல்லைச் சேர்த்து, பிஎஃப்லாக் சேவையை இயக்கி, பிஎஃப்லாக்0 இன்டர்ஃபேஸில், பாக்கெட்டுகளைத் திரையில் காட்டும் டிசிபிடம்ப்பை -என், -ஈ தெரிவுகளுடன் ஓடவிட்டால், தடுக்கப்பட்ட ஒவ்வொரு பாக்கெட்டும் அதைத் தடுத்த விதியின் எண்ணோடு திரையில் வரும். பிஎஃப்சிடிஎல் -விவிஎஸ்ஆர் அந்த எண்ணுக்குரிய விதியைக் காட்டும். ஆனால் ஈஎம்0, என்ஜி0 போன்றவற்றில் நேரடியாக டிசிபிடம்ப் ஓட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உள்வரும் பாக்கெட்டை அது பிஎஃப்புக்கு முன்பே பார்த்துவிடுகிறது, வெளிப்போகும் பாக்கெட்டையோ பிஎஃப்பைக் கடந்த பிறகே பார்க்கிறது. உள்வருவது திரையில் தெரிந்ததால் பிஎஃப் அனுமதித்துவிட்டது என்று கொள்ள முடியாது. கணினிக்கு முகவரி கேட்டுப் பெறும் டிஎச்சிபி கிளையன்ட்டும் இதே பாதையில் பாக்கெட்டைப் பெறுவதால், எல்லாவற்றையும் தடுத்த கணினிகூட முகவரியைப் பெற்றுவிடும். வெளிப்போகும் பாக்கெட்டில் செக்சம் தவறு என்று டிசிபிடம்ப் காட்டுவதும் பெரும்பாலும் கோளாறல்ல. அந்தக் கணக்கைக் கார்டு போடவிருக்கிறது, அதற்கு முன்பே நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

இணைய முகவரியின் புதிய முறையான ஐபிவி6 பயன்படுத்தினால் ஐசிஎம்பிவி6 வகைகளில் 133 முதல் 136 வரை உள்ளவற்றுக்குத் தனியாக அனுமதி எழுதுங்கள். அண்டைக் கணினியைக் கண்டறிவதே அவற்றின் வழியாகத்தான் நடக்கிறது.

இவற்றையெல்லாம் தொலைவிலிருந்து செய்வதானால், புதிய விதிகளை ஏற்றும் முன் 120 நொடி காத்திருந்து பழைய விதிக் கோப்பை மறுபடி ஏற்றும் ஒரு கட்டளையைப் பின்னணியில், முனையம் அறுந்தாலும் ஓடும்படி நோஹப் கொண்டு, இயக்கி வையுங்கள். புதிய விதிகளை ஏற்றியதும், திறந்திருக்கும் முனையத்தை நம்பாமல் இன்னொரு முனையத்திலிருந்து புதிதாக உள்நுழைந்து பாருங்கள். பழைய இணைப்பு பதிவின் தயவில் ஓடுவதால் அது எதையும் நிரூபிக்காது. புதிய உள்நுழைவு கிடைத்தால் காத்திருக்கும் கட்டளையைக் கொன்றுவிடலாம். நெட்வொர்க் கார்டுகளை அமைக்கும் நெட்இஃப் சேவையை மறுதொடக்கம் செய்வதை மட்டும் தொலைவிலிருந்து தவிருங்கள். அது இயல்பு வழித்தடத்தையும் அழித்துவிடும், ரவுட்டிங் சேவையையும் அதே கட்டளை வரியில் தொடர்ந்து இயக்காவிட்டால் நேரில் போய்த்தான் மீட்க வேண்டியிருக்கும்.